கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் வைனும்

கம்பம் பள்ளத்தாக்கு தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள வேளாண் பகுதி ஆகும். தமிழ்நாட்டில் திராட்சை மிகுதியாகப் பயிரிடப்படும் இடம் இதுவே. இங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. விளைச்சலின் பெரும்பகுதி பழமாகவே உண்ணப்படுகின்றது. எஞ்சிய சிறு பகுதி பழச்சாறாகவும் வைனாகவும் (ஒயின், திராட்சை மது) மாற்றப்படுகின்றது. வைன் உற்பத்தியில் மகாராட்டிர மாநிலத்தின் நாசிக், கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதி ஆகியவற்றுடன் ஒப்பிடுகையில் கம்பம் மிகச் சிறியது, பிந்தியது. எனினும் திராட்சைக் கொடி இயல்பாக விரும்பும் குளிர்காலம் சிறிதும் இல்லாத ஓர் இடத்தில் ஆண்டு முழுவதும் குலை அறுக்கப்படுவதால், நிலமும் வானிலையும் ஒரு பயிரை எவ்வாறு உருமாற்றுகின்றன என்பதை அறிவதற்கு இப்பள்ளத்தாக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். பழத்துக்கு வாய்ப்பாக அமைந்த அதே இயற்கைக் கூறுகள் வைனுக்குத் தடையாக அமைவது இதில் கவனிக்கத்தக்கது.

அமைவிடமும் நிலவமைப்பும்

பள்ளத்தாக்கு தெற்கே கூடலூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் தொடங்கி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைக் கடந்து, வடகிழக்கே தேனியை நோக்கித் திறக்கின்றது. மேற்கில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஏலமலைகள் சுவர்போல் எழுகின்றன. கிழக்கில் மேகமலை, வருசநாட்டு மலைகள் உள்ளன. இரண்டுக்கும் இடையில் உள்ள தளம் கம்பத்தின் அருகில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலும், தேனியில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றது. திராட்சைத் தோட்டங்கள் சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி, ஓடைப்பட்டி முதலிய ஊர்களைச் சுற்றிச் செறிந்துள்ளன. புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது வெளியான செய்திகள் ஏறத்தாழ 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் 4,000 அளவிலான சிறு உழவர்கள் திராட்சை பயிரிடுவதாகக் குறிப்பிட்டன. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக அரை ஏக்கர் அளவே அமைகின்றது என்பதை நினைவிற் கொண்டால்தான் பின்னர் கூறப்படும் பல செய்திகள் விளங்கும்.

பள்ளத்தாக்கின் அடித்தளப் பாறைகள் சார்னோக்கைட்டு, நைசு ஆகிய பழமையான பாறை வகைகளாகும். அவை சிதைந்து உருவான செம்மண்ணும் செம்மணற்பாங்கான வண்டலும் மலைச்சரிவின் அடியில் படிந்துள்ளன. இம்மண்ணில் நீர் தேங்குவதில்லை. நாசிக் பகுதியின் மண் எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட்டுப் பாறையிலிருந்து தோன்றியது என்பதால் இரண்டும் தன்மையில் வேறானவை. திராட்சையின் வேர் நீர் தேங்கிய மண்ணில் அழுகிவிடும். ஆதலால் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த வயல்களில் நெல்லும், சற்று மேடான தோட்டக்கால் நிலங்களில் திராட்சையுமாகப் பள்ளத்தாக்கு தானாகவே பிரிந்து கிடக்கின்றது. முல்லைப் பெரியாறு பாசனத்தில் இங்கு இருபோக நெல் விளையும் பரப்பு 14,707 ஏக்கர் எனக் கணக்கிடப்படுகின்றது. அந்த வயல்களின் விளிம்பைத் தாண்டியதும் கல்தூண்களின் மேல் கம்பி கட்டிய திராட்சைப் பந்தல்கள் தொடங்குவதைச் சாலையில் செல்லும் எவரும் காணலாம்.

மழைமறைவும் இரு பருவமழைகளும்

சூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் தன் ஈரத்தைக் கொட்டிவிடுகின்றது. மலையுச்சியைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அக்காற்று அழுத்தத்தால் வெப்பமடைந்து மேலும் வறண்டு போகின்றது. இதனால் கம்பம் மழைமறைவுப் பகுதியாக இருக்கின்றது. கம்பத்திலிருந்து மலைப்பாதை வழியாகக் குமுளி சென்றடைய ஒரு மணிநேரம்கூடத் தேவையில்லை. ஆனால் குமுளியில் நாள்கணக்காக அடைமழை பொழியும் ஆடி மாதத்தில் கம்பத்தில் மேகமூட்டமும் சாரலும் காற்றும் மட்டுமே இருக்கும். பள்ளத்தாக்கின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கின்றது.

திராட்சையின் நோக்கில் இந்தக் காலமாற்றம் மிக முக்கியமானது. நாசிக்கில் செப்டம்பருடன் மழை ஓய்ந்துவிடுகின்றது. அதன்பின் வரும் ஐந்து மாதங்கள் வறண்டவை, குளிர்ச்சியானவை. சனவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியசை ஒட்டி இறங்குவதும் உண்டு. அந்த இடைவெளியில்தான் அங்கு கொடி பூத்து, காய்த்து, பழுக்கின்றது. கம்பத்திலோ நாசிக் உலரத் தொடங்கும் அதே அக்டோபரில் மழை தொடங்குகின்றது. குளிர்ச்சியான மாதங்கள் ஈரமாகவும், வறண்ட மாதங்கள் வெப்பமாகவும் இருக்கின்றன. குளிர்ச்சியும் வறட்சியும் ஒன்றுசேர்ந்து வரும் நீண்ட பருவம் ஒன்று இங்கு இல்லை. இப்பகுதியின் வைனைப் பற்றிய எந்த விளக்கமும் இந்த உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மலைமேல் சென்றால் குளிர்ச்சி கிடைக்காதா என்ற வினா எழலாம். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும் என்பது பொது விதி. குமுளி கம்பத்தைவிட ஏறத்தாழ 500 மீட்டர் உயரமானது. எனவே அங்கு 3 பாகை வரை குளிர்ச்சி கூடுகின்றது. ஆனால் மழையும் பன்மடங்கு கூடிவிடுகின்றது. ஈரமான இலைகளில் அடிச்சாம்பல் நோய் பரவினால் சில நாட்களில் ஒரு தோட்டமே பட்டுப்போகும். மேலே ஏலக்காயும் தேயிலையும், கீழே திராட்சையும் என்ற பகுப்பு இவ்வாறு அமைந்ததே.

காற்று

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் இடைவெளிகள் வழியாக விரைந்து நுழையும் கணவாய்கள் நான்கு. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றுடன் கம்பம் கணவாயும் அவற்றுள் ஒன்று. தேனி, ஆண்டிபட்டி வட்டாரங்களில் காற்றாலைகள் நிறுவப்பட்டதற்குக் காரணம் இக்காற்றே. மின்சாரத்துக்கு உதவும் இக்காற்று திராட்சைக்கும் ஒரு வகையில் மருந்தாகின்றது. பந்தலின் அடியில் தேங்கும் ஈரத்தை உலர்த்திப் பூசண நோய்களைக் கட்டுப்படுத்துகின்றது. மறுபுறம், சூன் மாதத்தில் கவாத்துக்குப் பின் துளிர்க்கும் இளந்தளிர்களை ஒடிப்பதும், இலைகள் வழியாக நீரிழப்பைக் கூட்டிப் பாசனத் தேவையை உயர்த்துவதும் இதே காற்றுதான்.

நீர்

மழைமறைவில் உள்ள ஒரு பள்ளத்தாக்கு பசுமையாக இருப்பதற்குக் காரணம் மனிதர் மலையின் மறுபுறத்து மழையை இப்புறம் திருப்பியமையே. 1895 இல் ஜான் பென்னிகுயிக்கின் தலைமையில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே அனுப்புகின்றது. அந்நீர் கூடலூருக்கு மேலுள்ள லோயர் கேம்ப்பில் இறங்கி, பள்ளத்தாக்கின் வழியே ஓடி, வைகையில் கலக்கின்றது. இந்நீர் நேரடியாகப் பாய்வது பெரும்பாலும் நெல் வயல்களுக்கே. திராட்சைத் தோட்டங்கள் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியுள்ளன. ஆயினும் அக்கிணறுகளில் ஊறும் நீரின் ஒரு பகுதி ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் இருந்து மண்ணுக்குள் இறங்கியதே. அணையின் நீர்மட்டம் குறித்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடந்த வழக்கில் 2006 இலும் 2014 இலும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அந்த அளவு நெல் உழவர்களுக்கு மட்டுமன்றித் திராட்சை உழவர்களுக்கும் மனப்பாடமாக இருப்பதில் வியப்பில்லை.

பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியில் உள்ள ஓடைப்பட்டி ஆற்றிலிருந்து விலகியது, மேலும் வறண்டது. ஈரப்பதம் குறைந்த அச்சூழலில் விதையில்லாத் திராட்சை வகைகள் பயிராகின்றன. சில கிலோமீட்டர் இடைவெளியில் பயிரின் வகையே மாறிவிடுவது இப்பகுதியின் நுண்காலநிலை வேறுபாடுகளைக் காட்டுகின்றது.

குளிர்காலம் இல்லாத கொடி

ஐரோப்பாவில் திராட்சைக் கொடி இலையுதிர்த்துக் குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றது. வேனிலில் துளிர்த்து, ஆண்டுக்கு ஒரே ஒருமுறை காய்க்கின்றது. பிரான்சின் போர்டோ நகரில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 7 மணிநேரம். நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்குள் உள்ள கம்பத்தில் அவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணிநேரமே. குளிரும் இல்லை, பகல் சுருங்குவதும் இல்லை. எனவே உறங்குவதற்கான குறிப்பு எதுவும் கொடிக்குக் கிடைப்பதில்லை. விட்டுவிட்டால் அது பசுமை மாறாத கொடியாகப் படர்ந்துகொண்டே இருக்கும். காய்ப்பு ஒழுங்கற்றுப் போகும்.

இங்கு பருவத்தை உண்டாக்குவது கவாத்துக் கத்தி. உழவர் முதிர்ந்த கிளைகளை வெட்டி, இலைகளை நீக்கியதும் எஞ்சிய மொட்டுகள் விழித்துத் துளிர்க்கின்றன. துளிருடனேயே பூங்கொத்தும் வெளிவருகின்றது. பன்னீர் திராட்சையில் கிளைக்கு நான்கு மொட்டுகள் விட்டு வெட்டுவது வழக்கம். கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் அறுவடைக்கு வருகின்றது. திசம்பர்-சனவரியில் வெட்டினால் ஏப்ரல்-மே மாதங்களில் கோடைப் போகமும், மே-சூனில் வெட்டினால் ஆகத்து-செப்டம்பரில் மழைக்காலப் போகமும் கிடைக்கும். கவாத்தை நெருக்கமாகச் செய்து இரண்டு ஆண்டுகளில் ஐந்து போகம் எடுப்பவர்களும் உண்டு. அண்டைத் தோட்டக்காரர்கள் வெவ்வேறு வாரங்களில் கவாத்து செய்வதால், ஒரு தோட்டத்தில் பூவும், அடுத்ததில் காயும், அதற்கடுத்ததில் பழமுமாக ஆண்டின் எந்த மாதத்திலும் பள்ளத்தாக்கில் எங்கேனும் அறுவடை நடந்துகொண்டிருக்கும். இந்தியாவின் பிற திராட்சைப் பகுதிகளில் வரத்து பெரும்பாலும் சனவரி முதல் ஏப்ரல் வரை மட்டுமே. மற்ற மாதங்களில் சந்தையில் போட்டியின்றி விற்பது கம்பத்தின் முதன்மையான பலம்.

வகைத் தேர்வும் இதனோடு தொடர்புடையது. தாம்சன் விதையில்லாத் திராட்சையில் பூங்கொத்துகள் கிளையின் மேற்பகுதி மொட்டுகளில் உருவாகின்றன. ஆதலால் நாசிக் பகுதியில் ஏப்ரலில் ஒரு கவாத்தும் அக்டோபரில் மற்றொரு கவாத்தும் செய்து, ஒரே ஒரு அறுவடையே பெறுகின்றனர். பன்னீர் திராட்சையில் அடிமொட்டுகளும் காய்க்கும். ஆகவே ஒவ்வொரு கவாத்தும் ஒரு விளைச்சலைத் தருகின்றது.

பன்னீர் திராட்சை

பன்னீர் திராட்சை உலக வழக்கில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் வகை ஆகும். இது அலெக்சாந்திரியா மஸ்கட், பிளாக் ஹாம்பர்க் ஆகிய இரு வகைகளின் கலப்பில் தோன்றியது. 1832 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதனைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் பரவலாகக் கூறப்படுகின்றது. ஆனால் இவ்வகை இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் என்பது திராட்சை வகைகளின் வரலாற்றில் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆதலால் அந்த ஆண்டைப் பன்னீர் திராட்சைக்கு உரியதாகக் கொள்வதைவிடப் பொதுவாகத் திராட்சையின் வருகைக்கு உரியதாகக் கொள்வதே பொருத்தமாகும்.

பெயரில் உள்ள பன்னீர் வெறும் அணியன்று. மஸ்கட் இனத் திராட்சைகளின் மணத்துக்குக் காரணமான லினலூல், செரானியால் முதலிய சேர்மங்களில், செரானியால் ரோசா மலரின் மணத்திலும் முதன்மையான கூறாக உள்ளது. பெயரிட்டவர்களின் மூக்கு வேதியியலுக்கு முந்தியே அதனைக் கண்டுகொண்டது எனலாம். இம்மணமே இவ்வகை வைனுக்கு ஏற்றதெனக் கருதப்படுவதற்கும் காரணம். சீனாவின் தியான்சின் பகுதியில் இதே வகையிலிருந்து நெடுங்காலமாக வைன் தயாரிக்கப்படுகின்றது.

வைனாக மாறுகையில் எழும் சிக்கல்கள்

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் மதுசாரமாக மாற்றுகின்றது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு விழுக்காடு மதுசாரம் கிடைக்கும். 12 விழுக்காடு மதுசாரம் உள்ள வைனுக்கு லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை தேவை. உண்ணும் பழமாகச் சந்தைக்கு அனுப்பப்படும் பன்னீர் திராட்சை அந்த அளவை எட்டுவதற்கு முன்பே அறுக்கப்படுகின்றது. கொடியிலேயே மேலும் இரண்டு வாரம் விட்டால் சர்க்கரை கூடும். ஆனால் அதற்குள் மழை வந்தால் பழம் வெடித்து அழுகும். ஒரு குலையும் விலை போகாது. அரை ஏக்கர் வைத்திருப்பவர் அந்த இரண்டு வாரத்தைப் பணயம் வைக்கத் தயங்குவது இயல்பே.

சர்க்கரையைவிடக் கடினமான சிக்கல் அமிலம். பழுக்கும் பழத்தில் மாலிக் அமிலம், டார்டாரிக் அமிலம் ஆகிய இரண்டும் உள்ளன. பழம் சுவாசிக்கையில் மாலிக் அமிலத்தை எரித்துவிடுகின்றது. வெப்பம் கூடக்கூட இவ்வெரிப்பு விரைவுபடும். குளிர்ந்த இரவுகள் அதனைத் தடுத்து நிறுத்தும். கோடைப் போகம் பழுக்கும் ஏப்ரலில் கம்பத்தின் இரவுகளும் வெதுவெதுப்பாகவே இருக்கின்றன. இதனால் இனிப்பு உண்டு, புளிப்பில்லை என்ற நிலை ஏற்படுகின்றது. புளிப்பு குன்றிய வைன் சுவையில் தட்டையாக இருப்பதுடன், கெட்டுப்போகவும் எளிதில் இடம்கொடுக்கும். டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்து ஈடுசெய்வது வெப்பநாடுகளில் வழக்கமான முறை.

மூன்றாவது சிக்கல் நிறம். பழத்தோலின் கருஞ்சிவப்பு நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் உருவாவதற்கும் குளிர்ந்த இரவுகள் துணைபுரிகின்றன. வெப்ப மாதங்களில் ஒரே குலையில் சில பழங்கள் கறுத்தும் சில சிவந்தும் சில பச்சையாகவும் நிற்பதை உழவர்கள் நன்கு அறிவர். உண்ணும் பழத்தில் இது விலையைக் குறைக்கும். வைனில் சாயத்தையே குறைக்கும். ஆகத்து-செப்டம்பர் போகம் மேகமூட்டத்தாலும் காற்றாலும் சற்றுத் தணிந்த வெப்பத்தில் பழுப்பதால், அமிலமும் நிறமும் ஓரளவு மேம்பட்டிருக்க வாய்ப்புண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அறுவடையை முடித்தாக வேண்டும் என்பதால் அக்காலம் குறுகியது.

இவற்றுடன் பந்தலும் சேர்கின்றது. தலைக்கு மேல் படரும் பந்தல் நேரடி வெயிலிலிருந்து குலைகளைக் காத்து, மிகுந்த விளைச்சலைத் தருகின்றது. பன்னீர் திராட்சையில் எக்டேருக்கு 30 டன் வரை விளைச்சல் எதிர்பார்க்கப்படுகின்றது. ஐரோப்பாவின் தரமான வைன் பகுதிகள் பலவற்றில் சட்டப்படியே விளைச்சல் எக்டேருக்கு 10 டன்னுக்குக் குறைவாகக் கட்டுப்படுத்தப்படுகின்றது. குலை குறைந்தால் மணமும் சர்க்கரையும் எஞ்சிய பழங்களில் செறியும் என்பதே காரணம். கம்பத்து உழவரிடம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் விளைவியுங்கள் என்று கூறுவதாயின், மூன்று மடங்கு விலை தருபவர் ஒருவர் இருக்க வேண்டும். கல்தூணும் கம்பியுமாகப் பெருஞ்செலவில் எழுப்பிய பந்தலைக் கலைத்து, வேலி முறைக்கு மாறுவதும் சிறு உழவர்க்கு எளிதன்று.

ஒப்பிடத்தக்க பகுதிகள்

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, கம்பத்துக்கு ஏறத்தாழ நேரெதிரான 9 பாகை அகலாங்கில், பிரேசிலின் சான் பிரான்சிசுக்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கும் குளிர்காலம் இல்லை. அணை நீரால் பாசனம் நடைபெறுகின்றது. கவாத்தின் மூலம் ஆண்டுக்கு இரு அறுவடைகள் எடுக்கப்படுகின்றன. ஆனால் அது மழை மிகக் குறைந்த அரைப்பாலை நிலம். ஆதலால் பாசனத்தை நிறுத்திக் கொடியை ஓய்வெடுக்கச் செய்ய முடிகின்றது. கம்பத்தில் அவ்வாறு செய்ய முற்படும்போது ஒரு மழை வந்து கெடுத்துவிடலாம். பிரேசிலின் அப்பகுதி செறிவான சிவப்பு வைனை மட்டும் நம்பாமல், மஸ்கட் இனங்களிலிருந்து நுரைக்கும் இனிப்பு வைனையும் தயாரித்துப் பெயர் பெற்றது. இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி வைனில் மதுசாரம் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. சர்க்கரை முழுவதும் மதுசாரமாகும் முன்பே நொதித்தல் நிறுத்தப்படுகின்றது. மணம் மிகுந்து, சர்க்கரையும் நிறமும் குறைந்த பழத்துக்கு இத்தகைய முறைகள் பொருந்துகின்றன. இவ்வகையில் நோக்கினால், பன்னீர் திராட்சையிலிருந்து போர்டோ வைனைப் போன்ற ஒன்றை எதிர்பார்ப்பது பழத்தின் குற்றமன்று.

வைன் உற்பத்தியும் சட்டச் சூழலும்

பள்ளத்தாக்கின் உத்தமபாளையம் வட்டத்தில் 2000களின் பிற்பகுதியில் தனியார் வைன் ஆலை ஒன்று அமைந்தது. ஒரே வாரத்தில் பல தோட்டங்களில் பழம் குவிந்து விலை சரியும் காலங்களில், மிகுதிப் பழத்தை வாங்குவதற்கு உள்ளூரிலேயே ஓர் இடம் வேண்டும் என்பது உழவர்களின் நெடுநாளைய கோரிக்கை. திராட்சை அறுத்தபின் சில நாட்களுக்கு மேல் தாங்காது. வைனோ ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆயினும் விற்பனையாகாமல் மிஞ்சிய பழத்திலிருந்து நல்ல வைன் பிறப்பதில்லை என்பது இக்கோரிக்கையில் அடங்கியுள்ள முரண்பாடு ஆகும்.

மகாராட்டிர அரசு 2001 இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, வைனுக்கு வரிச்சலுகைகள் வழங்கியது. கர்நாடகம் 2007 இல் அவ்வாறே செய்தது. தமிழ்நாட்டில் மதுவகைகளின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம் உள்ளது. நாசிக்கில் பயணிகள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஆலையிலேயே வைனைச் சுவைத்து வாங்கிச் செல்லும் முறை வளர்ந்தது. தேக்கடிக்கும் சுருளி அருவிக்கும் செல்லும் பயணிகள் கம்பத்தின் பந்தல்களில் நின்று படம் எடுத்து, பழமும் சாறும் வாங்கிச் செல்கின்றனர். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. 2023 இல் கிடைத்த புவிசார் குறியீடு கம்பம் பன்னீர் திராட்சை என்னும் பழத்துக்கு உரியது. அப்பழத்திலிருந்து தயாராகும் வைனுக்கு அது வழங்கப்படவில்லை.